முடுக்கம் யாருக்கு? பேருந்துக்கா, சாலைக்கா?

இம்முறை வந்த கேள்விகளில் ஐந்து, குறிப்பாயங்களைப் பற்றியவை. ஒன்றின் விடையிலிருந்து மற்றொன்று கிளைப்பதால் அவற்றை ஒரே இடத்தில் வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். குறிப்பாயம் என்பது பொருள்களின் இருப்பிடத்தையும் நேரத்தையும் அளப்பதற்கு நாம் அடிப்படையாகக் கொள்ளும் அளவுச் சட்டம். ஓர் அறையின் மூலையிலிருந்து மூன்று திசைகளில் நீளும் அளவுகோல்களும் ஒரு கடிகாரமும் சேர்ந்தால் ஒரு குறிப்பாயம் கிடைத்துவிடும்.

கேள்வி: சீரான வேகத்தில் நேராகச் செல்லும் பேருந்து நிலைமக் குறிப்பாயம், முடுக்கமடையும் பேருந்து நிலைமமற்ற குறிப்பாயம் என்று பாடநூலில் படித்தேன். ஆனால் இயக்கம் சார்புடையது என்றும் அதே நூல் சொல்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் பேருந்து முடுக்கமடைகிறது. பேருந்திலிருந்து பார்த்தால் சாலைதான் பின்னோக்கி முடுக்கமடைகிறது. அப்படியிருக்க, பேருந்தை மட்டும் நிலைமமற்றது என்று பிரித்துவைப்பது எந்த நியாயத்தில்? (கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர்)

பதில்: பாடநூல்கள் அவசரமாகக் கடந்துபோகும் ஓர் இடத்தில் நீங்கள் நின்று கேட்டிருக்கிறீர்கள். "முடுக்கமடையாத குறிப்பாயமே நிலைமக் குறிப்பாயம்" என்று வரையறுத்துவிட்டு, எதைச் சார்ந்து முடுக்கமடையாதது என்பதைப் பல நூல்கள் சொல்வதில்லை. இன்னொரு நிலைமக் குறிப்பாயத்தைச் சார்ந்து என்று விடை சொன்னால், அந்த இன்னொன்றை நிலைமமானது என்று எப்படிக் கண்டுகொண்டோம் என்ற கேள்வி உடனே எழும். செக்கு மாட்டைப் போலப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்வோம்.

அளவுநாடாவும் கடிகாரமும் மட்டும் கையில் இருக்கும் வரை நீங்கள் சொல்வது முழு உண்மை. பேருந்து வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வீதம் முன்னோக்கி முடுக்கமடையும்போது, சாலையோர மரம் ஒன்றின் இருப்பிடத்தைப் பேருந்துக்குள்ளிருந்து வினாடிதோறும் குறித்துக்கொண்டு வந்தால், மரம் அதே அளவு பின்னோக்கி முடுக்கமடைவதாகத்தான் கணக்கு வரும். இரு கணக்குகளும் சரியானவை. ஒன்றுக்கொன்று எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல. அந்த முடுக்கத்தைத் தந்தது எது என்று கேட்கும்போதுதான் இந்தச் சமநிலை குலைகிறது.

பேருந்தின் முடுக்கத்துக்குக் காரணத்தைக் கைகாட்டிச் சொல்லிவிடலாம். சக்கரம் சாலையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, சாலை உராய்வினால் சக்கரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது. தருவது ஒன்று, பெறுவது ஒன்று, இரண்டின் மீதும் சம அளவில் எதிரெதிர்த் திசையில் விசை. நியூட்டன் 1687இல் வகுத்த மூன்றாம் விதி கேட்பது இந்த இணையைத்தான். இப்போது மரத்துக்கு வாருங்கள். பேருந்துக்காரரின் கணக்குப்படி மரம் பின்னோக்கி முடுக்கமடைகிறது என்றால், அதை இழுப்பது எது? கயிறும் இல்லை, காந்தமும் இல்லை. மரத்தின் மீது செயல்படும் அந்த விசைக்கு எதிர்விசையை எங்கே தேடினாலும் அதைத் தாங்கும் பொருள் கிடைக்காது. அதோடு, மரமும் அருகில் கிடக்கும் கூழாங்கல்லும் தொலைவில் நிற்கும் மலையும் ஒரே அளவான முடுக்கத்தைப் பெறுகின்றன. அப்படி நடக்க வேண்டுமானால் அந்த விசை ஒவ்வொரு பொருளின் நிறையையும் தெரிந்துகொண்டு, நிறை இருமடங்கானால் தானும் இருமடங்காகிச் செயல்பட வேண்டும். தருபவர் இல்லாமல், எதிர்விசை இல்லாமல், நிறைக்குச் சரியான விகிதத்தில் எல்லாப் பொருள்கள் மீதும் ஒரே நேரத்தில் தோன்றும் விசையைக் கணக்கில் சேர்த்தால்தான் நியூட்டன் விதிகள் பொருந்தும் என்றால், நீங்கள் நிலைமமற்ற குறிப்பாயத்தில் இருக்கிறீர்கள். அத்தகைய விசை எதுவும் தேவைப்படாமலே விதிகள் பொருந்தினால் அது நிலைமக் குறிப்பாயம். பேருந்தையும் சாலையையும் வேறுபடுத்துவது இதுதான்.

எனவே வெளியே பார்க்கவே வேண்டியதில்லை. சன்னல்களை மூடிவிட்டு, பேருந்தின் கூரையிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். மேற்சொன்ன முடுக்கத்தில் அது செங்குத்திலிருந்து ஏறத்தாழ 11.5 பாகை பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். தரையில் வைத்த கோலிக்குண்டு தானாகவே பின்னோக்கி உருளத் தொடங்கும். ஹீலியம் நிரப்பிய பலூனோ முன்னோக்கிச் சாயும். பேருந்துக்குள் இருக்கும் காற்று பின்பக்கம் சற்று நெருக்கமாகிவிடுவதால், காற்றைவிட லேசான பலூன் முன்னே தள்ளப்படுகிறது. சாலையில் நிற்பவரின் தூக்குக்குண்டுக்கு இவற்றில் ஒன்றும் நேர்வதில்லை. முடுக்கமடைவது சாலைதான் என்பதும் முடுக்கமடைவது பேருந்துதான் என்பதும் சமமான கூற்றுகளாக இருந்தால், சாலையில் நிற்பவரின் குண்டும் சாய்ந்திருக்க வேண்டும் அல்லவா?

கூர்மையான வாசகர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். 11.5 பாகைச் சரிவில் அசையாமல் நிற்கும் பேருந்திலும் குண்டு அதே கோணத்தில்தான் நிற்கும். சன்னல் மூடிய நிலையில் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கோணத்தை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது என்பது உண்மை. மேகத்துக்குள் பறக்கும் விமானிகள் இதே காரணத்தால் ஏமாந்திருக்கிறார்கள்: விமானம் விரைவாக வேகமெடுக்கும்போது மூக்கு மேலே தூக்கியிருப்பதாக உடல் உணர்கிறது, அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியதால் விபத்துகளும் நேர்ந்திருக்கின்றன. ஆயினும் சுருள்வில் தராசு ஒன்று இருந்தால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். சரிவில் நிற்கும் பேருந்தில் ஒரு கிலோகிராம் நிறையுள்ள குண்டின் கயிற்றில் இழுவிசை 9.8 நியூட்டன், முடுக்கமடையும் பேருந்தில் அது 10 நியூட்டன். இந்தத் தடையை இங்கே இத்தோடு விடுகிறேன். நான்காவது கேள்வியில் அது இன்னும் வலுவாகத் திரும்பி வருகிறது.

"நிலைமக் குறிப்பாயம்" என்ற கருத்துக்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் லாங்கே, ஆண்டு 1885. நியூட்டனுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்துத்தான் இந்த வரையறையின் வட்டத்தை உடைக்கும் ஒரு வழியை அவர் முன்வைத்தார். எந்த விசையும் தீண்டாத மூன்று துகள்களை ஒரே புள்ளியிலிருந்து, ஒரே கோட்டில் அமையாத வெவ்வேறு திசைகளில் எறியுங்கள். மூன்றும் நேர்கோட்டில் செல்வதாகத் தெரியும் குறிப்பாயமே நிலைமக் குறிப்பாயம். ஒரு துகளை வைத்து ஏமாற்றிவிடலாம், அதனோடு சேர்ந்து நகரும் ஒரு சட்டத்தை நாமே புனைந்துகொள்ளலாம். மூன்று துகள்களையும் ஒருசேர ஏமாற்ற முடியாது. பாடநூல்கள் இந்த ஒரு பத்தியைச் சேர்த்துக்கொண்டால் மாணவர்களின் குழப்பத்தில் பாதி தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லின் மீது மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமமாகச் செயல்படுவதாக எங்கள் ஆசிரியர் படம் வரைந்தார். நண்பனின் ஆசிரியரோ மையவிலக்கு விசை என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறார். யார் சொல்வது சரி? (மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர்)

பதில்: படம் எந்தக் குறிப்பாயத்தில் வரையப்பட்டது என்பதைச் சொல்லாமல் இருவரையும் சரி என்றோ தவறு என்றோ சொல்ல முடியாது. தரையில் நின்று பார்க்கும்போது கல்லின் மீது கிடைத்திசையில் செயல்படுவது கயிற்றின் இழுவிசை ஒன்றே. அது மையத்தை நோக்கி இழுப்பதால்தான் கல் நேர்கோட்டில் பறந்துவிடாமல் வளைந்து செல்கிறது. இந்தப் படத்தில் வெளிநோக்கி இன்னொரு அம்புக்குறி வரைந்து இரண்டும் சமம் என்று எழுதினால், தொகுபயன் விசை சுழியாகிவிடும். விசையே இல்லாத கல் வட்டத்தில் சுற்ற முடியாது, நேராகத்தான் போக வேண்டும். ஆகவே தரைக் குறிப்பாயத்தில் இரு அம்புகளை வரைவது தவறு.

கல்லோடு சேர்ந்து சுழலும் குறிப்பாயத்தில் நிலைமை வேறு. அங்கே கல் அசையாமல் நிற்கிறது, ஆனால் கயிறு விறைப்பாக இருக்கிறது. உள்நோக்கி இழுக்கப்பட்டும் கல் ஏன் நகரவில்லை என்பதற்கு விளக்கம் வேண்டுமானால், வெளிநோக்கிய ஒரு விசையைச் சேர்க்க வேண்டும். அதுவே மையவிலக்கு விசை. அதைத் தரும் பொருள் எதுவும் இல்லை, அதன் அளவு நிறைக்கு விகிதமாக இருக்கிறது. முதல் கேள்வியில் கண்ட அடையாளங்கள் இரண்டும் இங்கே பொருந்துகின்றன. இத்தகைய விசைகளைப் போலி விசைகள் என்று அழைப்பது வழக்கம். எனக்கு அந்தப் பெயர் மீது மனக்குறை உண்டு. போலி என்றதும் கணக்கில் வந்த ஒரு பொய் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். சுழலும் குறிப்பாயத்தைத் தேர்ந்துகொண்டவருக்கு அந்த விசையைச் சேர்க்காவிட்டால் விடையே தவறும். "நிலைம விசை" என்ற பெயர், அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

மற்றொரு பிழையையும் இங்கேயே சுட்டிவிடுகிறேன், ஏனெனில் விடைத்தாள்களில் அது மிகுதியாக வருகிறது. மையவிலக்கு விசையை மையநோக்கு விசையின் எதிர்விசை என்று எழுதுகிறார்கள். கயிறு கல்லை உள்நோக்கி இழுத்தால், அதன் எதிர்விசை கல் கயிற்றை வெளிநோக்கி இழுப்பது. அது கயிற்றின் மீது செயல்படுகிறது, கல்லின் மீது அல்ல. மையவிலக்கு விசையோ கல்லின் மீதே செயல்படுவதாகக் கொள்ளப்படுவது.

கேள்வி: பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது. அப்படியானால் ஆய்வகத்தில் செய்யும் சோதனைகள் எல்லாம் நிலைமமற்ற குறிப்பாயத்தில் செய்யப்பட்டவைதானே? நியூட்டன் விதிகள் அங்கே எப்படிப் பொருந்துகின்றன? (பட்டதாரி வாசகர் ஒருவர்)

பதில்: கண்டிப்பாகச் சொன்னால் பூமியின் பரப்பு நிலைமக் குறிப்பாயம் அன்று. ஆனால் எந்த அளவுக்கு அன்று என்று கேட்பதுதான் பயனுள்ளது. பூமி 23 மணி 56 நிமிடங்களில் ஒருமுறை தன்னைச் சுற்றுவதால், நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு ஏற்படும் மையநோக்கு முடுக்கம் வினாடிக்கு வினாடி சுமார் 0.034 மீட்டர், ஈர்ப்பு முடுக்கத்தில் இது ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு. அதிலும் இந்தப் பங்கு தனியாக நம் கண்ணில் படுவதில்லை. தூக்குக்குண்டு காட்டும் செங்குத்துத் திசையிலும், ஊசலை வைத்து நாம் அளக்கும் 9.8 என்ற எண்ணிலும் அது முன்பே கலந்திருக்கிறது. துருவங்களில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78 என்று ஈர்ப்பு முடுக்கம் வேறுபடுவதற்குப் பெரும்பகுதிக் காரணம் இந்தச் சுழற்சிதான். எஞ்சிய பகுதி பூமியின் தட்டையான வடிவத்தால் வருவது.

ஆகவே பூமியின் சுழற்சி வெளிப்பட வேண்டுமானால் நகரும் பொருளைப் பார்க்க வேண்டும். சுழலும் குறிப்பாயத்தில் நகரும் பொருள் மீது தோன்றும் விசைக்குக் கோரியாலிஸ் விசை என்று பெயர். 1835இல் அதன் கணக்கை வகுத்த பிரெஞ்சு அறிஞரின் பெயரால் அவ்வாறு அழைக்கப்படுகிறது. நிலநடுக்கோட்டில் 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு குண்டை விழவிட்டால், காற்றின் இடையூறு இல்லாதபோது, அது தூக்குநூல் காட்டும் இடத்திலிருந்து ஏறத்தாழ 2.2 சென்டிமீட்டர் கிழக்கே விழும். கோபுரத்தின் உச்சி அதன் அடியைவிடச் சற்றே விரைவாகக் கிழக்கு நோக்கி நகர்வதே காரணம். பூமி சுழன்றால் குண்டு மேற்கே பின்தங்கி விழ வேண்டுமே என்று பழங்காலத்தில் வாதிட்டவர்கள் நினைத்ததற்கு இது நேர் எதிர்.

இவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமான சோதனை லியோன் ஃபூக்கோ 1851இல் பாரிஸ் நகரின் பாந்தியோன் கட்டடத்தில் பொதுமக்கள் முன் செய்துகாட்டியது. 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோகிராம் எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிவிட்டார். ஊசல் ஆடும் தளம் மணிக்கு 11 பாகைக்குச் சற்று மேலாக மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. விண்மீன்களைப் பார்க்காமல், கூரையின் கீழேயே நின்றபடி, தங்கள் காலடி நிலம் சுழல்வதை மக்கள் கண்டார்கள். துருவத்தில் இத்தளம் ஏறத்தாழ ஒரு நாளில் முழுச் சுற்று வரும். பாரிஸில் சுமார் 32 மணி நேரம் ஆகும். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது.

கைகழுவும் தொட்டியில் நீர் சுழன்று இறங்கும் திசையை இந்த விசைதான் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கை தவறானது. வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நீரின் மீது அதன் அளவு ஈர்ப்பு விசையில் பத்து லட்சத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். தொட்டியின் வடிவமும் நீரை ஊற்றிய விதமுமே அங்கே திசையை முடிவு செய்கின்றன. பல நூறு கிலோமீட்டர் பரப்பில் பல நாட்கள் காற்றை நகர்த்தும் புயல்களில் இதே சிறு விசை சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிடுவதால், வட கோளத்துப் புயல்கள் இடஞ்சுழியாகவும் தென் கோளத்துப் புயல்கள் வலஞ்சுழியாகவும் சுழல்கின்றன.

சூரியனைச் சுற்றுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பாதையில் பூமியின் முடுக்கம் வினாடிக்கு வினாடி சுமார் 0.006 மீட்டர். சுழற்சியின் முடுக்கத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள இது ஆய்வகத்தில் எங்கேனும் தென்பட வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் தென்படுவதில்லை. பூமியும், ஆய்வகமும், அதிலுள்ள கருவிகளும் சேர்ந்து ஒரே விதமாகச் சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருக்கின்றன. சேர்ந்து விழும் பொருள்களுக்கிடையே அந்த விழுதல் தெரியாது. சூரியனுக்கு அருகிலுள்ள பக்கமும் தொலைவிலுள்ள பக்கமும் சற்றே வேறுபட்ட அளவில் இழுக்கப்படுவதால் எஞ்சி நிற்கும் மிகச் சிறு வேறுபாடே கடலில் ஓதமாக வெளிப்படுகிறது. இதை விளக்காமல், பூமி சூரியனைச் சுற்றுவதால் அது நிலைமமற்ற குறிப்பாயம் என்று ஒரே மூச்சில் எழுதிவிடும் நூல்கள் மாணவருக்குப் பாதி உண்மையைத்தான் தருகின்றன.

கேள்வி: திறன்பேசியில் முடுக்கத்தைக் காட்டும் செயலி ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினேன். மேசை மேல் அசையாமல் இருக்கும்போது 9.8 என்று காட்டுகிறது. மெத்தை மேல் விழவிட்டபோது, விழும் நேரத்தில் சுழிக்கு அருகில் காட்டுகிறது. அசையாதபோது முடுக்கம், விழும்போது முடுக்கமில்லை என்றால் கருவி தலைகீழாகச் சொல்கிறதா? (இயற்பியல் ஆசிரியை ஒருவர்)

பதில்: கருவி பழுதாகவில்லை, அம்மா, அது ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. திறன்பேசிக்குள் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி என்னும் கருவியின் உள்ளே சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய நிறை ஒன்று, அதேபோன்ற நுண்ணிய வில்களால் தாங்கப்பட்டிருக்கிறது. சட்டத்தைச் சார்ந்து அந்த நிறை எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டுமே கருவி அறியும். மேசை மேல் இருக்கும்போது மேசை சட்டத்தை மேல்நோக்கித் தாங்குகிறது, வில்கள் நிறையைத் தாங்குகின்றன; வில்கள் வளைந்திருக்கின்றன. விழும்போது சட்டமும் நிறையும் ஒன்றாகவே விழுவதால் வில்கள் வளைவதில்லை.

இதை நியூட்டனின் மொழியில் சொன்னால், கருவி ஈர்ப்பைத் தவிர்த்த மற்ற விசைகளால் வரும் முடுக்கத்தை மட்டும் காட்டுகிறது, ஈர்ப்பை நாம் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் முதல் கேள்வியில் போலி விசையின் அடையாளமாக எதைச் சொன்னோம் என்பதை நினைத்துப் பாருங்கள்: நிறைக்குச் சரியான விகிதத்தில் இருப்பது, அதனால் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே முடுக்கத்தைத் தருவது. ஈர்ப்பு விசையும் அந்த அடையாளத்தைத் தாங்கியே நிற்கிறது. இரும்பும் இறகும் வெற்றிடத்தில் ஒன்றாக விழுகின்றன. 2016இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்னும் பிரெஞ்சு செயற்கைக்கோள், டைட்டானியத்தாலும் பிளாட்டினத்தாலும் ஆன இரு உலோகக் கலவை உருளைகளை விழவிட்டு ஒப்பிட்டது. 2022இல் வெளியான அதன் இறுதி முடிவுகளின்படி, ஒன்றுக்குப் பின் 15 சுழிகள் போட்டால் வரும் எண்ணில் ஓரிரு பங்கு என்ற நுட்பம் வரை இரண்டின் விழுதலிலும் வேறுபாடு தென்படவில்லை.

இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டவர் ஐன்ஸ்டைன். 1907இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய நாட்களில், தடையின்றி விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வளர்ந்த பார்வையில், தடையின்றி விழும் சிறு அறையே நிலைமக் குறிப்பாயம். மேசை மேல் கிடக்கும் திறன்பேசி மேல்நோக்கி முடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் செயலி காட்டுவது ஐன்ஸ்டைனின் கணக்கை.

ஆகவே பன்னாட்டு விண்வெளி நிலையம் நிலைமக் குறிப்பாயமா என்று மாணவர்கள் கேட்டால், எந்தக் கோட்பாட்டின்படி என்று திருப்பிக் கேளுங்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 90 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அங்கே ஈர்ப்பு இல்லை என்பது பிழை. நியூட்டன் கணக்கில் நிலையம் பூமியை நோக்கி முடுக்கமடையும் ஒரு நிலைமமற்ற குறிப்பாயம். ஐன்ஸ்டைன் கணக்கில் அதன் சுழற்சியைக் கழித்துவிட்டால், உள்ளே ஒரு சிறு பகுதி நல்ல நிலைமக் குறிப்பாயம். சிறு பகுதி என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். ஒரு மீட்டர் உயர இடைவெளியில் மிதக்கும் இரண்டு குண்டுகளைப் பூமி சற்றே வேறுபட்ட அளவில் இழுப்பதால், அவை ஒன்றையொன்று விட்டு வினாடிக்கு வினாடி சுமார் 2.6 மைக்ரோமீட்டர் வீதம் விலக முனையும். முதல் பதிலில் எழுந்த தடைக்கும் இதுவே முழு விடை. சீரான முடுக்கத்தையும் சீரான ஈர்ப்பையும் ஒரே இடத்தில் நின்று பிரித்தறிய முடியாது. சற்று விலகிய இரண்டு இடங்களில் அளந்தால்தான் உண்மையான ஈர்ப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அண்டம் முழுவதும் பரவியுள்ள நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைச் சார்ந்து சூரிய மண்டலம் வினாடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாக அளந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கதிர்வீச்சு ஓய்வாக இருக்கும் குறிப்பாயமே உண்மையான ஓய்வு நிலை அல்லவா? (வாசகர் ஒருவர்)

பதில்: அல்ல. கலிலியோ 1632இல் கப்பலின் மூடிய அறை ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னார். கப்பல் எவ்வளவு வேகமாகச் சென்றாலும், அது சீராகச் செல்லும் வரை, உள்ளே பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளும் கிண்ணத்து மீன்களும் சொட்டும் நீர்த்துளிகளும் நிற்கும் கப்பலில் இருப்பதைப் போலவே நடந்துகொள்ளும் என்றார். அந்தக் கதிர்வீச்சை அளப்பது கப்பலின் சன்னலைத் திறந்து கடலைப் பார்ப்பதற்கு ஒப்பானது. கடலைச் சார்ந்த வேகம் கிடைக்கும். ஆனால் அறைக்குள் இருக்கும் தூக்குக்குண்டும் கோலிக்குண்டும் அந்த 370 கிலோமீட்டரை அறியமாட்டா.

வேகம் மாறினால் நிலைமை வேறு. ஆனால் சூரிய மண்டலம் பால்வழி மையத்தை நோக்கி அடையும் முடுக்கமும் ஒரு விழுதல்தான் என்பதால், அதையும் அறைக்குள்ளிருந்து காண முடியாது. சன்னலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் கையா விண்கலம், குவேசார்கள் எனப்படும் மிகத் தொலைவிலுள்ள ஒளிமிகு விண்மீன்திரள் மையங்களில் பதினாறு லட்சத்தின் இருப்பிடங்கள் ஆண்டுதோறும் மிக மிகச் சிறிதளவு நகர்வதைக் கொண்டு அதை அளந்தது. 2020 டிசம்பரில் வெளியான அந்த அளவு, வினாடிக்கு வினாடி ஒரு மீட்டரின் ஏறத்தாழ 430 கோடியில் ஒரு பங்கு.